அடுப்புப் புகையும் அண்டை வீட்டார் உரிமையும்

 

சென்னை பெசன்ட் நகரை நீங்கள் அறிவீர்கள். 1970-களில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் மனைகளாகப் பிரித்து, எண்ணிட்ட அவென்யூக்களும் குறுக்குத் தெருக்களுமாக அமைத்த குடியிருப்பு அது. இன்று அத்தெருக்களில் மாலை நேரம் நடந்து பாருங்கள். கார் நிறுத்துவதற்கென்று கட்டப்பட்ட தரைத்தளம் பார்சல் கடையாகியிருக்கும். அதன் புகைப்போக்கி அடுத்த வீட்டின் படுக்கையறைச் சன்னலை நோக்கித் திரும்பியிருக்கும். உணவு கொண்டு செல்லும் இளைஞர்களின் வாகனங்கள் வாசற்கதவை அடைத்து நிற்கும். அந்த இளைஞர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிற்க வேறிடம் அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

வீட்டைக் கடையாக்குவது உரிமையாளரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, கட்டடத்தின் பயன்பாட்டைப் பெருமளவில் மாற்றுவதற்கும் திட்ட அனுமதி வேண்டும். சென்னையில் அதற்குரிய அமைப்பு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் குடியிருப்புப் பகுதி, வணிகப் பகுதி என்று நிலத்தைப் பிரித்திருக்கிறது. குடியிருப்புப் பகுதியிலும் சிறு கடைகளுக்கு வரம்புக்குட்பட்டு இடமுண்டு.

பிரியாணிக் கடை நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வாதாரம். ஆகவே, பக்கத்து வீட்டார் ஆட்சேபணை தெரிவித்தால் நம்மவர் வாயிலிருந்து இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, "என்னிடம் உரிமம் இருக்கிறது". மற்றொன்று, "நாம் முஸ்லிம் என்பதால் எதிர்க்கிறார்கள்". இரண்டாவது சில இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடுப்பு வைத்தவருக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையிலான இவ்வழக்கு நமது ஃபிக்ஹு நூல்களுக்குப் புதியதன்று. மத்ரஸாவில் ஓதிய இந்தப் பாடங்கள் ஏனோ ஜும்ஆ மிம்பருக்கு வந்து சேர்வதில்லை.

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 36-ஆம் வசனம், உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு கட்டளையிடுகிறது. வாடையும் ஒரு துன்பமே என்பதற்கு ஹதீஸில் சான்றுண்டு. பச்சைப் பூண்டு, வெங்காயம் உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஹலாலான உணவுதான், ஆயினும் பிறரை அதன் வாடை வருத்தக்கூடாது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபுக்கு ஆதார நூலான 'அல்முதவ்வனா'வில் இக்கேள்வி நேரடியாகவே வருகிறது. வீடுகளை ஒட்டியிருக்கும் தன் காலி மனையில் ஒருவர் குளியலகமோ ரொட்டி அடுப்போ அமைக்க விரும்பினால், அண்டை வீட்டார் தடுக்கலாமா? புகை போன்றவற்றால் அவர்களுக்குத் தீங்கு நேருமானால் தடுக்கலாம் என்பது விடை.

ஹனஃபீ மத்ஹபில் தன் சொத்தில் உரிமையாளருக்குச் சுதந்திரம் உண்டு என்பதே அடிப்படை. பிற்கால அறிஞர்கள் அதற்கு ஒரு வரம்பு கட்டினர். வீட்டுத் தேவைக்கு ரொட்டி சுடும் அடுப்பை எவரும் தடுக்க முடியாது. கடைகளில் இருப்பதுபோல் இடைவிடாது எரியும் அடுப்பை வீட்டில் அமைப்பதோ கூடாது; அது அண்டை வீட்டாருக்கு வெளிப்படையான தீங்கு என்றனர். பெசன்ட் நகர்த் தெருவில் இன்று நடக்கும் வழக்கு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹப் இங்கே சற்றுத் தாராளமானது. வீடுகள் சூழ்ந்த தன் இல்லத்தைக் குளியலகமாகவோ தொழுவமாகவோ மாற்றலாம் என்பதே மிகச் சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) 'மின்ஹாஜ்' நூலில் எழுதுகிறார்கள். கடைக்காரச் சகோதரர்கள் இந்த வாசகத்தோடு நின்றுவிடக்கூடாது. அவர் முன்னெச்சரிக்கை எடுத்துச் சுவர்களைப் பலப்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதே வாக்கியத்தில் இருக்கிறது.

கடைத்தெருவைக் கண்காணித்த முஹ்தஸிப் எனும் அதிகாரிக்காக ஹிஜ்ரி 6-ஆம் நூற்றாண்டில் கையேடு எழுதிய ஷைஸரீ (ரஹ்), ரொட்டிக் கடைகளின் கூரை உயரமாகவும் புகை வெளியேறும் திறப்பு அகலமாகவும் இருக்க வேண்டும் என்கிறார். நெருப்போடு வேலை செய்யும் சமையற்காரர், கொல்லர் போன்றோரின் கடைகள் அத்தர், துணி விற்போரை விட்டுத் தள்ளியிருப்பது நல்லது என்கிறார்.

தீங்கு என்றால் எவ்வளவு தீங்கு? இங்கேதான் துனிஸ் நகரின் இப்னுர் ராமீ (ரஹ்) நமக்குத் துணையாகிறார். ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டினரான அவர் கட்டடத் தொழில் வல்லுநர். வீட்டு வழக்குகளில் காழிகளுக்கு ஆலோசனை சொன்னவர். மாவரைக்கும் ஆலையால் சுவர் அதிர்கிறது என்று புகார் வந்தால் சோதிக்கும் முறையை அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு தாளின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, அந்த வீட்டுக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். அதன்மேல் உலர்ந்த கொத்தமல்லி விதைகளை வைத்து ஆலையைச் சுழற்ற வேண்டும். விதை அசைந்தால் ஆலையை அகற்ற வேண்டும். அசையாவிட்டால் புகாரை விட்டுவிட வேண்டும். கடைக்காரரின் மதமோ, புகார் சொன்னவரின் செல்வாக்கோ இச்சோதனையில் இடம்பெறவில்லை.

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டம் இவற்றையெல்லாம் எண்ணிட்ட விதிகளாக்கியது. அதன் 1200-ஆம் விதிப்படி, அடுப்பின் புகையாலோ எண்ணெய்ச் செக்கின் வாடையாலோ பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியாமற் போனால் அது மிகையான தீங்கு. எவ்வகையிலேனும் அகற்றப்பட வேண்டும். அடுத்த விதியோ, காற்றோட்டம், காட்சி போன்ற கூடுதல் வசதிகள் குறைந்துவிட்டன என்பதற்காகத் தடுக்க முடியாது என்கிறது. இறைச்சி சமைக்கிறார்களே என்ற மனக்கசப்பு மட்டும் இந்த அளவுகோலில் தீங்காகாது. சன்னலைத் திறக்க முடியாத கரும்புகை தீங்குதான், அது சாம்பார் அடுப்பிலிருந்து வந்தாலும் சரியே.

'நெடுங்காலமாக நடக்கும் கடை' என்ற வாதத்துக்கும் அங்கே விடையுண்டு. தீங்கு பழமையால் உரிமையாகிவிடாது என்பது மஜல்லாவின் 7-ஆம் விதி. தமிழகத்தில் நடந்ததோ வேறு. 28-2-1999 வரை எழுந்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு முறை மட்டுமே என்ற அளவில் உச்ச நீதிமன்றம் 2000-இல் அதை ஏற்றது. பின்னரும் கெடு நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் செல்லாதென்றது. 2012-இல் 113-சி வந்தது. தியாகராய நகர்க் கடைவீதிகளில் நடப்பவருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

மஜல்லாவின் 1207-ஆம் விதி குடியிருப்போர் பக்கம் திரும்புகிறது. ஏற்கெனவே இயங்கும் கொல்லன் பட்டறையின் அருகே ஒருவர் புதிதாக வீடு கட்டிக்கொண்டு, சத்தம் பொறுக்கவில்லை, பட்டறையை மூடு என்று கோர முடியாது. பெசன்ட் நகரின் அடுக்ககங்களில் குடியேறியோர் சிலர் கடற்கரை மீன் வாடையைப் பற்றிக் குறைப்படுவதுண்டு. வாரியம் மனை பிரிப்பதற்கு முன்பே அங்கே மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் ஊரூர் குப்பத்து மக்கள்.