முழங்கால் நோயும் இரு சிகிச்சைகளின் கூட்டும்

உடலின் பாரத்தைத் தாங்கி நிற்பது முழங்கால். அம்மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வொன்று நீரைச் சுரந்து, எண்ணெயிட்ட கீல்போல மூட்டை இயங்கச் செய்கிறது. சிலருக்கு, பெரும்பாலும் உழைக்கும் பருவத்தில், இச்சவ்வு பழுப்பேறித் தடித்து, முடிச்சு முடிச்சாக வளர்ந்துவிடுகிறது. மூட்டினுள் இரத்தம் கசிகிறது. நாளடைவில் எலும்பும் அரிக்கப்படுகிறது. 1941-ஆம் ஆண்டில் ஜாஃபி, லிக்டென்ஸ்டைன், சுட்ரோ ஆகிய மூவர் அமெரிக்காவில் இதனைத் தனி நோயாக வகுத்துப் பெயரிட்டனர். இது புற்றுநோயன்று, எனினும் மிச்சமின்றி அகற்றாவிடில் மீண்டும் தலைகாட்டும்.

சவ்வை அறுத்தெடுக்கும் முறை இதற்கு முற்பட்டது. 1877-இல் ஜெர்மனியில் ஃபோல்க்மன் என்பார், காசம் பற்றிய முழங்காலில் அதனைச் செய்தார். இளவரசி கிருஷ்ணாஜம்மணியின் பெயரால் அமைந்த காசநோய் மருத்துவமனையை மைசூர்வாழ் தமிழர் அறிவர். காசம் நுரையீரலோடு நில்லாமல் மூட்டையும் தாக்கும். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்படும்வரை, அதற்கு ஓய்வும் கத்தியுமே துணை. 1918-இல் டோக்கியோவில் தகாகி, குழாய்க் கருவியைச் செலுத்தி முழங்காலின் உட்புறத்தைக் கண்டார். அவ்வழி வளர்ந்த கலையினால் இன்று சிறு துளையே போதுமானதாயிற்று. ஆயினும் மூட்டின் பின்புற மடிப்புகள் அனைத்தையும் கத்தி எட்டுவதில்லை.

அக்குறையை நிரப்ப வந்தது கதிரியக்கம். 1952-இல் வியன்னாவில் ஃபெல்லிங்கரும் ஷ்மித்தும் வாதநோயுற்ற மூட்டினுள் கதிரியக்கத் தங்கத்தைச் செலுத்தினர். தங்கமோ உடலை ஊடுருவிச் செல்லும் காமாக் கதிரையும் வீசுவது. அதன் நுண்துகள்கள் நிணநீர் முடிச்சுகளுக்கும் கசிந்தன. பின்னர் இட்ரியம்-90 முழங்காலுக்கு உகந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன் வீரியம் 64 மணி நேரத்தில் பாதியாகும். கதிர் தசையில் ஏறத்தாழ 11 மில்லிமீட்டருக்கு மேல் செல்லாது.

இங்கேதான் கூட்டுச் சிகிச்சையின் நியாயம் விளங்குகிறது. தடித்த கட்டியைக் கதிர் ஊடுருவாது. மெல்லிய எச்சத்தைக் கத்தி காணாது. ஆகவே முதலில் அறுவை. புண் ஆறிச் சில வாரங்கள் சென்றபின் கதிர்மருந்து.

நம் நாட்டில் 1956 ஆகஸ்டு 4-இல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், எலும்பின் தாதுவை ஒத்த துகள்களில் லுடீசியம்-177-ஐ ஏற்றி, மூட்டுக்கேற்ற மருந்தை உருவாக்கினர்.

ஆயினும் ஆராய வேண்டியதொன்றுண்டு. உயிரைப் பறிக்காத நோய்க்கு, இளவயதினருக்குக் கதிர் தருவது தகுமா? மருந்து வெளியே கசிந்தால் தோல் புண்படும். மூட்டு விறைக்கவும் கூடும். நோய் அரிதாதலின் சோதனைச் சான்றும் சிறிதே. மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. 2019-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த பெக்ஸிடார்டினிப் என்னும் மாத்திரையோ ஈரலைத் தாக்கக்கூடியது.

அயல்மாநிலத்தில் உழைப்போர் கூலி குறையுமென்று வலியை மறைப்பதுண்டு. ஒரே முழங்கால் காரணமின்றி மீண்டும் மீண்டும் வீங்குமாயின், தைலம் தடவி நாள் கடத்தலாகாது. எலும்பு அரிக்கப்படுமுன் மருத்துவரை நாடுவோர்க்கே, இவ்வழிகளுள் ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மிகுதியாக உண்டு.