கடாரம் வென்ற செய்தியும் சான்றுகளின் தரமும்

கடாரம் என்னும் பெயரைக் கேட்ட அளவில் இந்நாட்டுத் தமிழ் மாணவன் நெஞ்சம் நிமிர்கிறது. ‘கடாரங்கொண்டான்’ எனப் பட்டம் பூண்ட முதலாம் இராசேந்திர சோழன் கடல் கடந்து வந்த செய்தியை அவன் வீட்டில் கேட்கிறான், மேடையில் கேட்கிறான், விழா மலர்களில் படிக்கிறான். ‘சோழர் மலாயாவை நெடுங்காலம் கட்டி ஆண்டனர்’ என்று ஒருவர் முழங்குகிறார். ‘அதெல்லாம் கட்டுக்கதை’ என்று மற்றொருவர் தள்ளிவிடுகிறார். இரண்டையும் கேட்ட மாணவன் வகுப்பில் எழுந்து, ‘ஐயா, எது உண்மை?’ என்று வினவுகிறான். விடையை மட்டும் சொல்லி அவனை அமர்த்திவிடுவது எளிது. விடை காணும் வழியை அவனுக்குக் காட்டுவதே வரலாறு கற்பிப்போரின் கடமையாகும்.

வழக்குமன்றத்தில் சாட்சி சொல்ல வருவோர் அனைவர் சொல்லும் ஒரே எடை பெறுவதில்லை. கண்ணாற் கண்டவன் சொல் வேறு. கேட்டவன் சொல் வேறு. கண்டவனே ஆயினும், அவன் வழக்கில் ஒரு பக்கத்தவனா என்பதையும் நடுவர் நோக்குவார். வரலாற்றுச் சான்றுகளும் அத்தகையனவே. இதைச் சொன்னவர் யார்? நிகழ்ச்சிக்கு எவ்வளவு காலம் கழித்துச் சொன்னார்? எதற்காகச் சொன்னார்? நாம் கேட்கும் கேள்விக்கு இது விடையாகுமா? இந்நான்கு வினாக்களையும் மாணவர் மனத்தில் பதிய வைத்துவிட்டால், பாதிப் பாடம் முடிந்தது. முதல் மூன்றும் சான்றின் நம்பகத்தை அளப்பன. நான்காவது அதன் பொருத்தத்தை அளப்பது.

முதலில் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். இராசேந்திரனின் கடற்படையெடுப்பு நிகழ்ந்தது 1025-ஆம் ஆண்டளவில். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனது 19-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளேயே பொறிக்கப்பட்டது. ஸ்ரீவிசயம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் முதலிய இடங்களை அது வரிசையாகக் கூறுகிறது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டதையும் கூறுகிறது. காலத்தால் நெருங்கிய விரிவான சான்றுகளுள் இது ஒன்று. ஆயினும், இது வென்றவன் தன்னைப் பற்றித் தானே பொறித்துக்கொண்ட மெய்க்கீர்த்தி என்பதை மாணவர் மறத்தல் கூடாது. தோற்றவன் பக்கத்துச் சொல் நமக்குக் கிட்டவில்லை. ஆகவே இதனை வேறு சான்றோடு ஒத்திட்டுப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு ஒத்திடுவதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதால் ‘லெய்டன் செப்பேடுகள்’ எனப் பெயர் பெற்றவற்றுள் பெரியது 21 ஏடுகளைக் கொண்டது. கடாரத்து அரசன் மாரவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த புத்த விகாரத்திற்கு, இராசராச சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தி அதில் உள்ளது. அவ்வாண்டு 1005 அல்லது 1006 ஆகும். சீனத்துச் சுங் அரசமரபின் வரலாற்று நூலோ, ஸ்ரீவிசய நாட்டிலிருந்து 1003-இல் தந்தையின் தூதரும் 1008-இல் மகனின் தூதரும் வந்ததாகக் குறிக்கிறது. சீனரின் உச்சரிப்பில் பெயர்கள் சற்றுத் திரிந்திருப்பினும், அடையாளம் தெளிவு. நாகப்பட்டினத்துச் செய்தியைச் சீன எழுத்தர் பார்த்து எழுதவில்லை. சீனக் குறிப்பைச் சோழ எழுத்தர் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத இரு சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்லும்போது, அதன் வலிமை பன்மடங்காகிறது.

இனி, இலக்கியச் சான்று. ‘பட்டினப்பாலையிலேயே கடாரம் கூறப்பட்டுள்ளது’ என்று எழுதுவோர் பலர். பாட்டில் உள்ள சொல் ‘காழகம்’ என்பதே. அதற்குக் கடாரம் என்று பொருள் கூறியவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவர் பாடிய புலவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். கடாரத்தின் புகழ் தமிழகமெங்கும் பரவிய பின் வாழ்ந்தவர். அவர் உரை சரியாகவும் இருக்கலாம். ஆனால் பாட்டு வேறு, உரை வேறு. உரையாசிரியர் வாக்கைப் புலவர் வாயில் இட்டு வழங்குவது முறையன்று. தமிழாசிரியர்கள் இவ்வேறுபாட்டை மற்றவரினும் எளிதில் விளக்க வல்லவர்கள்.

மலாய் இலக்கியமான செஜாரா மெலாயுவில் ராஜா சூலான் என்னும் மன்னன் வருகிறான். சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் தெமாசிக் வரை வந்த அவனிடம், துருப்பிடித்த ஊசிகளும் காய்த்த மரங்களும் பல்போன கிழவர்களும் நிறைந்த கப்பலைச் சீனர் அனுப்புகின்றனர். ‘இளமையில் புறப்பட்டோம், வந்து சேர்வதற்குள் கிழவரானோம்’ என்று அவர்கள் கூற, சீனம் அவ்வளவு தொலைவா என மலைத்து மன்னன் திரும்புகிறான். பின்னர்க் கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து கடலடி சென்று, அங்குள்ள அரசன் மகளை மணக்கிறான். சூலான் என்ற பெயரில் சோழன் நினைவு படிந்திருப்பதாக அறிஞர் கருதுவர். ஆயினும் இந்நூலின் புகழ்பெற்ற வடிவம் 1612-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிகழ்ச்சிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 600 ஆண்டுகள். 1025-இல் என்ன நடந்தது என்று கேட்டால், இந்நூல் பொருத்தமான சான்றன்று. 17-ஆம் நூற்றாண்டு மலாய் அரசவை தன் முன்னோர் பெருமையை எவ்வாறு எண்ணிற்று என்று கேட்டால், இதனினும் சிறந்த சான்று அரிது. கேள்வி மாறினால் சான்றின் மதிப்பும் மாறும் என்பதை மாணவர்க்கு உணர்த்த இஃதொன்றே போதும்.

கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிற்கும் இவ்விதி பொருந்தும். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் அங்கு அகழ்ந்து கோயில் அடித்தளங்கள் பலவற்றை வெளிப்படுத்தினார். இவை கடல் வாணிகத்திற்கும் இந்து, பௌத்த சமயங்களின் பரவலுக்கும் உறுதியான சான்றுகள். ஆனால் இராசேந்திரன் ஆட்சிக்குச் சான்றாகா. அவன் பெயர் பொறித்த கல் எதுவும் அங்கே கிடைத்ததில்லை. 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டு மாநாவிகன் புத்தகுப்தனைக் குறிப்பிடுகிறது. அது ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டினது, வடமொழியில் அமைந்தது. அவனுடைய ஊர் வங்காளத்தைச் சேர்ந்தது என்பர் அறிஞர் பலர். பழைய கல் யாவும் சோழர் கல் ஆகிவிடாது.

சான்று ஆய்வதில் பேரறிஞரும் வழுக்கியதுண்டு. தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பெயரொற்றுமை கண்டு, கடாரம் என்பது இராமநாதபுரச் சீமையில் உள்ள ஓர் ஊர் என முதலில் கருதினார். வேறு சிலர் அதனைப் பர்மாவில் தேடினர். 1918-இல் ஜார்ஜ் செடெஸ், சோழர் கல்வெட்டுகளோடு சீன நூற்குறிப்புகளையும் சுமத்திராவை அடுத்த பங்காத் தீவுக் கல்வெட்டையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்து, ஸ்ரீவிசயப் பேரரசை உலகுக்கு அறிவித்த பின்னரே குழப்பம் தெளிந்தது. ஒரே சான்றைப் பற்றிக்கொண்டவர் வழி தவறினர். பல சான்றுகளை அடுக்கிப் பார்த்தவர் வழி கண்டார்.

அப்படியானால், மாணவன் கேட்ட கேள்விக்கு விடை யாது? படையெடுப்பு நடந்தது என்பதற்குக் காலத்தால் நெருங்கிய சான்று உண்டு, அது கட்டுக்கதையன்று. நெடுங்காலம் கட்டி ஆண்டனர் என்பதற்கோ கல்வெட்டில் இடமில்லை. அரசனைச் சிறைப்பிடித்ததையும் செல்வம் கொண்டதையும் அது கூறுகிறதேயன்றி, நாட்டைச் சோழ மண்டலமாக்கி ஆண்டதாகக் கூறவில்லை. பின்வந்த வீரராசேந்திரன் கல்வெட்டு, கடாரத்தை வென்று அதன் அரசனுக்கே திருப்பி அளித்ததாக உரைக்கிறது. 1090-ஆம் ஆண்டுச் சிறிய லெய்டன் செப்பேடு, கடாரத்து அரசனின் தூதர் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து விகாரம் குறித்து வேண்டியதைக் கூறுகிறது. படையெடுப்பு நடந்து 65 ஆண்டுகளுக்குப் பின்னும் கடாரத்துக்குத் தனி அரசன் இருந்தான் என்பது இதனால் விளங்கும்.

இம்முறையைத் தொடக்கப்பள்ளியிலேயே பழக்கலாம். ‘நம் பள்ளி எப்போது தோன்றியது?’ என்று கேளுங்கள். பாட்டி ‘ஜப்பான்காரன் வருவதற்கு முன்னே’ என்பார். சுவரிலுள்ள கல் ஓர் ஆண்டைக் காட்டும். பழைய சேர்க்கைப் பதிவேடு வேறோர் ஆண்டைக் காட்டலாம். மூன்றும் பொய்யல்ல. கல், கட்டடத்தின் வயதைச் சொல்லும். பதிவேடு, அது தொடங்கப்பட்ட நாளைச் சொல்லும். பாட்டியின் நினைவு, கூரைக் கொட்டகையில் பாடம் நடந்த காலத்தைச் சொல்லும். எதனை எதற்குக் கொள்வது என்று பிள்ளைகளே வாதிட்டு முடிவு செய்யட்டும். இப்பயிற்சி பெற்ற பிள்ளை, கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளையும் அதே நான்கு வினாக்களால் அளந்து பார்க்கும்.

‘உண்மையைக் குறைத்துச் சொன்னால் இனப்பெருமை குன்றாதோ?’ என்று ஐயுறுவோர் உளர். குன்றாது. மிகைபட உரைத்த ஒரு சொல், மெய்யான ஒன்பது சொற்களையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும். 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில் அடித்தளம் ஒன்று நில மேம்பாட்டுப் பணியின்போது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிவந்து நாடு வருந்தியது; ஆனால் போன சான்று போனதுதான். சான்றின் அருமையை அறிந்த தலைமுறையே சான்றைக் காக்கும். கடாரம் வென்ற பெருமையைப் பாடத் தெரிந்த மாணவன், அதற்குரிய சான்றை எடைபோடவும் தெரிந்துகொள்வானாக. அவனை எவரும் ஏமாற்ற முடியாது. அவனும் எவரையும் ஏமாற்ற மாட்டான்.