கடினநீர்: வீட்டுப் பயன்பாடு (வண்ணார்பேட்டை)

கடினநீர் என்பது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்த நீர். பேச்சுவழக்கில் இதுவும் ‘உப்புத் தண்ணி’தான், ஆனால் கரிப்பு வேறு, கடினம் வேறு. வாயில் கரிக்காத தண்ணீரிலும் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகலாம்.

திருநெல்வேலி மாநகராட்சியைச் சேர்ந்த வண்ணார்பேட்டையில் இரண்டு வகைத் தண்ணீர் புழங்குகிறது. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, எளிதில் கரையாத பாறைகளின்மேல் ஓடிவருவதால் ஆற்றுநீர் மென்மையானது. போர் தண்ணீரோ பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கித் தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. இவ்வட்டாரப் பாறைகளில் சுண்ணாம்புக்கல்லும் உண்டு. வடக்கே தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் ஆலை இயங்குவது அதை நம்பித்தான்.

இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600வரை அனுமதிக்கிறது. கடினநீரால் சிறுநீரகக் கல் உண்டாகும் என்ற பரவலான நம்பிக்கைக்கு உறுதியான சான்று இல்லை. தொல்லை பெரும்பாலும் அடுக்களையிலும் குளியலறையிலும்தான். பருப்பு வேகாது, துணி மங்கும், ஷவர் துளை அடைபடும். ஹீட்டர் காயிலில் படியும் வெள்ளைப் படிவு வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தாமல் மின்செலவை ஏற்றும், கடைசியில் காயிலையே எரித்துவிடும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ இப்படிவைக் கரைக்கும்.

பைகார்பனேட்டால் வருவது தற்காலிகக் கடினம். கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். சல்பேட்டு, குளோரைடு உப்புகளால் வருவது நிரந்தரக் கடினம். கொதிநீருக்கு மசியாது, சலவைச் சோடாவுக்கு மசியும். சோடா கால்சியத்தைச் சுண்ணாம்புத் துகளாகப் பிரித்து இறக்குகிறது. சலவைத் தொழிலாளர் முற்காலத்தில் உவர்மண் இட்டு வெள்ளாவி வைத்ததிலும் இந்த வேதியியல் இருந்தது, ஏனெனில் உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. நீர்த்த சுண்ணாம்பைச் சேர்த்தே தற்காலிகக் கடினத்தைப் போக்கும் முறைக்கு ஸ்காட்லாந்து வேதியியலர் தாமஸ் கிளார்க் 1841இல் காப்புரிமை பெற்றார். முள்ளை முள்ளால் எடுக்கும் வேலைதான். படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும், கடினத்தைக் குறைக்கா.

மென்னீராக்கிக் கருவி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அவ்வப்போது அதற்கு உப்புக் கரைசல் ஊட்ட வேண்டும். அந்நீர் குளிக்க, துவைக்க நல்லது. செடிகளுக்கும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இரத்த அழுத்த நோயாளிகளின் குடிநீருக்கும் ஏற்றதல்ல. ஆர்.ஓ. கருவி கடினத்தை நீக்கும், ஆனால் பெரும்பகுதி நீரைக் கழிவாகத் தள்ளும். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான இடங்களில் அதைத் தடைசெய்யுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. மென்மையான ஆற்றுநீர் குழாயில் வரும் வீட்டில் கடினத்துக்காக ஆர்.ஓ. வாங்குவது வீண்செலவு, கிருமிக்கு அஞ்சினால் கொதிக்கவைத்தால் போதும். குழாய்நீரைச் சமையலுக்கும் ஹீட்டருக்கும் ஒதுக்கி, போர் தண்ணீரைப் பிற புழக்கத்துக்கு விடுவதே மலிவான வழி.

போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருப்பவர்கள், கருவி வாங்குமுன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திக் கடினத்தன்மையை அளந்துகொள்ளலாம்.