டெண்டர்னா என்ன? விட்டாச்சு, எடுத்தாச்சு, ரத்து... இந்தச் சொல்லின் முழுக்கதை!

"ரோடு போட டெண்டர் விட்டாச்சு", "அந்த டெண்டரை அவர்தான் எடுத்திருக்கார்", "டெண்டர் ரத்து"... செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் இது. டெண்டர் விட்டாலே வேலை தொடங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் டெண்டர் என்பது வேலையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. "இந்த வேலையை இந்த விலைக்குச் செய்து தர்றேன்" என்று ஒருவர் எழுத்துபூர்வமாக முன்வருவது, அவ்வளவுதான்!

எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியில் 'டெண்டெரே' என்றால் நீட்டுதல், இழுத்து விரித்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 16-ம் நூற்றாண்டில் 'முறைப்படி கொடுக்க முன்வருதல்' என்ற பொருளைப் பெற்றது. கையை நீட்டி "இந்தாங்க" என்பது போல.

இதே வேரில் பிறந்த சொந்தங்கள் நம்மூரிலும் உண்டு. துணியை இழுத்துக் கட்டினால் டென்ட். இழுபறியான மனநிலை டென்ஷன். மனதை ஒன்றின் பக்கம் செலுத்திக் கவனிப்பது அட்டெண்ட். அதைச் செய்பவர் அட்டெண்டர்.

அப்போ இளநீரை 'டெண்டர் கோகனட்' என்கிறார்களே? அது வேறு டெண்டர். இளசான, மென்மையான என்று பொருள் தரும் 'டெனெர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உச்சரிப்பு ஒன்று, பொருள் வேறு.

தமிழில் என்ன?

அரசு அறிவிப்புகளில் 'ஒப்பந்தப்புள்ளி' என்று இருக்கும். இலங்கைத் தமிழில் 'கேள்விப்பத்திரம்', 'விலைமனு' என்பார்கள். ஏலத்தில் விலை சொல்வதை நாம் 'ஏலம் கேட்பது' என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'பிட்'. பழைய ஆங்கிலத்தில் கேட்பதைக் குறித்த ஒரு சொல்லும், கொடுக்க முன்வருவதைக் குறித்த ஒரு சொல்லும் கலந்து உருவானதுதான் அது!

ஏலத்தில் எல்லார் முன்னிலையிலும் விலை ஏறும். டெண்டரில் ஒருவர் போட்ட விலை மற்றவருக்குத் தெரியாது. முன்பு சீல் வைத்த கவர், இப்போது பெரும்பாலும் ஆன்லைன்.

யார் கேட்பது, யார் கொடுப்பது?

பேச்சுவழக்கில் அரசு 'டெண்டர் விடுகிறது'. ஆனால் 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி பார்த்தால், அரசின் விளம்பரம் வெறும் அழைப்பு மட்டுமே. அதைப் பார்த்து விலை குறிப்பிட்டு விண்ணப்பிப்பவர்தான் டெண்டர் கொடுப்பவர். அதை அரசு ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம் உருவாகும்.

பெரிய வேலைகளுக்கு வழக்கமாக இரண்டு கவர். முதல் கவரில் அனுபவம், தகுதி விவரங்கள். அதில் தேறியவர்களின் விலை கவரை மட்டுமே திறப்பார்கள். குறைந்த விலை சொன்னவர் 'எல்-1'. ஆனால் கடை நடத்தவோ, பார்க்கிங் கட்டணம் வசூலிக்கவோ உரிமம் தரும் டெண்டர் என்றால் தலைகீழ்: அதிகத் தொகை தருபவருக்கே வாய்ப்பு.

விண்ணப்பிப்பவர் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டும். இதுதான் இ.எம்.டி. உரிய காலத்துக்குள் பின்வாங்கினால் இந்தப் பணம் போய்விடும். தேர்வாகாதவர்களுக்குத் திருப்பித் தரப்படும்.

ஏர்போர்ட் ஹோட்டல் வழக்கு

மும்பை விமான நிலையத்தில் ஒரு உணவகமும் இரண்டு ஸ்நாக் பார்களும் நடத்த டெண்டர் கோரப்பட்டது. குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஹோட்டல்காரராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அந்தத் தகுதி இல்லாதவருக்கே வாய்ப்பு போனது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1979-ல் வந்த தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. தான் வைத்த நிபந்தனையை அரசு அமைப்பே மீறக் கூடாது என்றது நீதிமன்றம். காரணம் எளிது: அந்த நிபந்தனையைப் படித்து, "நமக்குத் தகுதி இல்லை" என்று விண்ணப்பிக்காமலே ஒதுங்கியவர்கள் இருப்பார்களே! அவர்களுக்கு நடப்பது அநீதி. ஆனால் வழக்கு தாமதமாகத் தொடரப்பட்டது உள்ளிட்ட காரணங்களால் அந்த உரிமத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. கேட்க வேண்டியதை உடனே கேட்க வேண்டும் என்பதும் இதில் இருக்கும் பாடம்.

தமிழ்நாட்டில் என்ன சட்டம்?

1998-ல் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே கர்நாடகமும் இதுபோல ஒரு சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் 2000-ல் வந்த விதிகள், 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தரச் சொல்கின்றன. அதைக் குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அவகாசம் குறைந்தால் போட்டி குறையும், போட்டி குறைந்தால் விலை ஏறும், ஏறுவது மக்களின் வரிப்பணம்.

அப்போ 'லீகல் டெண்டர்'?

இதுவும் அதே 'நீட்டும் கை'தான். கடனுக்கோ பொருளுக்கோ நீங்கள் நீட்டும் பணம் சட்டப்படி செல்லும் என்பதே இதன் பொருள். 2016 நவம்பர் 8 நள்ளிரவில் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் இழந்தது இந்தத் தகுதியைத்தான். சில கடைகளில் வாங்க மறுக்கும் 10 ரூபாய் நாணயத்துக்கோ இந்தத் தகுதி இருக்கிறது. எல்லா டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே விளக்கம் தந்துள்ளது.

இனி 'டெண்டர்' என்று செய்தி வந்தால் மூன்றைக் கவனியுங்கள்: கோரியிருக்கிறார்களா, திறந்திருக்கிறார்களா, ஏற்றிருக்கிறார்களா? மூன்றாவது நடந்த பிறகுதான் உங்கள் தெருவுக்கு ஜல்லி வரும்!