திரைப் பிரிதிறன்

திரைப் பிரிதிறன் என்பது கணினித் திரை ஒன்றில் கிடையாகவும் செங்குத்தாகவும் அமைந்துள்ள படவணுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். பிக்சல் என்று பரவலாக அழைக்கப்படும் படவணு, தனித்து நிறம் காட்டக்கூடிய மிகச் சிறிய கட்டம் ஆகும். 1366 × 768 பிரிதிறன் கொண்ட திரையில் வரிசைக்கு 1366 வீதம் 768 வரிசைகள், அதாவது 10,49,088 படவணுக்கள் உள்ளன. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற 14 அங்குல மடிக்கணினிகள் பலவும் இத்தகைய திரையைக் கொண்டவை.

அளவும் அடர்த்தியும்

திரையின் அளவு வேறு, பிரிதிறன் வேறு. 14 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட நீளம். மேற்கூறிய மடிக்கணினியில் ஓர் அங்குலத்திற்குச் சுமார் 112 படவணுக்கள் அமைகின்றன. 1600 × 720 பிரிதிறனுடைய 6.5 அங்குலக் கைப்பேசியிலோ இது ஏறத்தாழ 270 ஆகும். கைப்பேசியில் எழுத்து சிறிதாயினும் கூர்மையாகத் தெரிவதற்கு இவ்வடர்த்தியே காரணம்.

தமிழ் எழுத்துகளில் இதன் விளைவு

ரோமன் எழுத்துகளை எட்டுப் படவணு அகலத்துக்குள் ஓரளவு தெளிவாக வரைந்துவிடலாம். தமிழில் இது எளிதன்று. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் அவ்வகலத்தில் ஒன்றுபோலவே தோன்றும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மேலே தனி இடமும் வேண்டும்.

திருவாரூர் மாவட்டம், வலங்கைமான் வட்டத்தில் உள்ள நெல்வயல் ஒன்றின் பட்டா, ஏ4 தாளிலிருந்து வருடப்பட்ட கோப்பாகத் திரையில் திறக்கப்படுவதாகக் கொள்வோம். அத்தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 11.7 அங்குலம். முழுப் பக்கமும் 768 வரிசைகளுக்குள் அடங்குமாறு சுருக்கினால், தாளின் ஓர் அங்குலத்திற்குக் கிடைப்பவை சுமார் 65 படவணுக்களே. 10 பாயின்ட் அளவில் அச்சான எழுத்துக்கு, மேற்புள்ளி முதல் கீழிறங்கும் வளைவு வரை, மொத்தம் ஒன்பது வரிசைகளே எஞ்சும். 'வலங்கைமான்' என்னும் பெயரின் இரு புள்ளிகளும் மங்கிவிடக்கூடும். ஊர்ப்பெயரை ஊகித்துவிடலாம், எண்களை ஊகிக்க இயலாது. 38.50 ஏர் என்னும் பரப்பை 33.50 எனப் படித்தால் வேறுபாடு 5 ஏர், அதாவது 12 சென்ட்டுக்கும் சற்று மேல். எனவே இத்தகைய ஆவணங்களை உருப்பெருக்கியே படிக்க வேண்டும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் வருடிய கோப்பில் நுணுக்கங்கள் மறைந்திருப்பதில்லை; பெருக்கியவுடன் வெளிப்படும். 72 புள்ளிகள் வீதம் வருடியிருந்தால் எவ்வளவு பெருக்கினாலும் கட்டங்கள்தாம் பெரிதாகும்.

இயல்பான பிரிதிறன்

எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பலர் திரையை 800 × 600 அளவுக்குக் குறைப்பதுண்டு. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளுக்குப் படவணுக்கள் நிலையாக அமையாததால் இப்பழக்கம் அங்கே பெரிதும் கெடுதல் செய்யவில்லை. நீர்மப் படிகத் திரையில் படவணுக்கள் தொழிற்சாலையிலேயே நிலைப்படுத்தப்பட்டவை. குறைந்த பிரிதிறனை அமைத்தால், கணினி அனுப்பும் ஒரு படவணுவைத் திரை ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று நீட்டிக் காட்ட வேண்டியிருப்பதால் எழுத்தின் விளிம்பு கலங்குகிறது. 4:3 விகிதப் படம் அகலத் திரையில் பக்கவாட்டில் இழுபடுவதும் உண்டு. பிரிதிறனை இயல்பான அளவிலேயே வைத்து, இயக்குதளத்தின் உருவளவு அமைப்பை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துவதே தக்க வழியாகும்.

பிரிதிறன் கூடக் கூட வரைகலைச் செயலியின் வேலையும் கூடும். 1920 × 1080 திரையில் 20,73,600 படவணுக்கள், அதாவது 1366 × 768 திரையைப் போல ஏறக்குறைய இருமடங்கு உள்ளன. தட்டச்சுப் பணியில் இச்சுமை உணரப்படுவதில்லை. முப்பரிமாண விளையாட்டுகளில் வேகக் குறைவாக வெளிப்படும்.