அடி அண்ணாமலைக்கு எட்டுகிற பயிற்சி

திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபக்கம் இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவில் அந்த ஊரைக் கடந்து லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அந்த இரவு லேசில் விடியாது. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் பெற்றோர் காதில் முதலில் விழுவது நடத்தைப் பயிற்சி என்ற சொல். கூடவே, வாரத்துக்கு 40 மணி நேரம் தேவை, அது சென்னையில்தான் கிடைக்கும் என்ற அச்சமும் வந்துவிடுகிறது. சென்னை ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவு. இந்தப் பயிற்சியின் வரலாற்றைப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு அடிப்படை குறைவு என்றே சொல்வேன். தாயையும் உள்ளூர்ப் பணியாளரையும் நம்பிய ஒரு மரபு மதராஸிலேயே வளர்ந்திருக்கிறது. இந்த ஊருக்குப் பொருந்துவதும் அதுதான்.

40 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து ஆட்டிசம் தனி நிலையாக அறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகள், தாயின் பாசக்குறைவே காரணம் என்ற பழி ஓங்கி நின்றது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் நூல் எழுதி அதை மறுத்தார். அந்தக் காலத்தில்தான் கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ், பெரிய செயலைச் சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் பரிசு கொடுத்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். அறையும் மின்னதிர்ச்சியும்கூட அன்று அவருடைய கருவிகளாக இருந்தன. இதை மறைத்து அந்த வரலாற்றைச் சொல்லக்கூடாது. 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்ற பிள்ளைகளுக்கு இணையாகப் பள்ளியில் சேர்ந்ததாகச் சொன்னார். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத சிறிய ஆய்வு அது. ஆனாலும் அந்த 40 மணி நேரம் உலகெங்கும் அளவுகோலாகிவிட்டது.

அதற்கு முன்பே மதராஸில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1970களில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக ‘மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை’ என்ற அளவையை உருவாக்கினார்கள். 18 துறைகள், துறைக்கு 20 என்று மொத்தம் 360 செயல்கள். சாப்பிடுவது, உடுத்துவது, பேசுவது என எல்லாமே கண்ணால் பார்த்துக் குறிக்கக்கூடியவை. பிள்ளைக்கு எது வராது என்று பட்டியல் போடாமல், எது வரும், அடுத்து எதைக் கற்பிக்கலாம் என்று கேட்டது அந்த அளவை. நடத்தை அறிவியலின் சாரத்தை அது ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிட்டது. 1989இல் சென்னையில் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் ‘உபநயன்’ திட்டத்தின் மூலம் இதைக் கைக்குழந்தைப் பருவத்துக்குக் கொண்டுபோனது; தாயும் பிள்ளையோடு வந்து கற்கிற ஏற்பாடு அது. இரண்டும் ஆட்டிசத்துக்கென்றே பிறந்தவை அல்ல. ஆனால் ஆட்டிசத்துக்கு வேண்டிய அடித்தளம் அங்கே போடப்பட்டது.

வீட்டில் இது எப்படி நடக்கும்? தாகம் எடுத்தால் பிள்ளை பேசுவதில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குடத்தருகே இழுக்கிறது. அம்மா டம்ளரில் கொஞ்சமாகத் தண்ணீர் மொண்டு, தன் முகத்துக்கு நேரே பிடித்து, சில நொடி காத்திருக்கிறாள். பிள்ளை ஒரு பார்வை பார்த்தாலும், ‘த’ என்று முனகினாலும் போதும். “தண்ணி” என்று சொல்லி உடனே கொடுக்கிறாள். இன்னும் வேண்டுமென்றால் மறுபடி அதேபோல். பிள்ளை அழுகிற அளவுக்கு டம்ளரைப் பிடித்து வைத்தால் அது பயிற்சி ஆகாது. மேசை முன் உட்கார வைத்துப் படம் காட்டிக் கேட்கும் பழைய முறையைவிட, அன்றாடத்தோடு கலந்த இந்த வழிக்கே ஆய்வுலகமும் இப்போது கூடுதல் இடம் கொடுக்கிறது.

நிபுணர் செய்வதைத் தாய் செய்ய முடியுமா, மணி நேரம் குறைந்தால் பலனும் குறையாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள், பிள்ளையோடு பெற்றோர் விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களுடனே பார்த்துப் பேசினார்கள்; எட்டு மாதங்களில் 12 சந்திப்புகள், அவ்வளவே. பிள்ளைகள் தாமாகப் பேச்சுத்தொடர்பைத் தொடங்குவது கூடியது. எல்லா அளவிலும் முன்னேற்றம் இல்லை. ஒன்றில் சரிவும் இருந்தது. ஆனால் வழி இருக்கிறது என்பது உறுதியானது. 2024இல் 144 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு ஆய்வு, மணி நேரத்தைக் கூட்டினால் பலனும் கூடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றது. நம் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில், 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமப் பணியாளர்களை வீடுவீடாக அனுப்பி, நிபுணர்களின் மேற்பார்வையில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. ஆய்க்குடியில் முடிந்தது அடி அண்ணாமலையில் ஏன் முடியாது?

இதைவிடக் கனமான மறுப்பு, ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்களிடமிருந்து வருகிறது: எங்களை மற்றவர்போல நடிக்கப் பழக்கினீர்கள், கையசைப்பதைக்கூடத் தடுத்தீர்கள் என்கிறார்கள். லோவாஸின் தொடக்க காலத்தைப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு முழுக்கச் சரி. கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவதும், யாரையும் புண்படுத்தாத அசைவை நிறுத்துவதும் பயிற்சியின் இலக்காக இருக்கவே கூடாது. அதற்காகப் பிள்ளையை அப்படியே விட்டுவிடலாம் என்பது சரியல்ல. 1896இல் வந்து பேசாமல் அமர்ந்த பதினாறு வயது ரமணரைத் தாங்கிக்கொண்ட ஊர் இது. மௌனத்தை மதிக்கத் தெரிந்த ஊர். அந்த மதிப்பு இந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் ரமணரின் மௌனம் பேசத் தெரிந்தவரின் மௌனம். வயிறு வலிக்கிறது என்று சொல்ல வழியில்லாத பிள்ளையின் நிலை வேறு. சொல்லாலோ, சைகையாலோ, படத்தாலோ அதைச் சொல்ல ஒரு வழி கற்றுக்கொடுப்பது பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கடமை.

எல்லாவற்றையும் தாய் தலையில் கட்டினால் பழைய பழிதான் புது வடிவில் வரும் என்பது மூன்றாவது மறுப்பு. அதை மறுக்க மாட்டேன். அதனால்தான் அரசின் பங்கு முக்கியம். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2016 சட்டம் அதை முழு உரிமையுள்ள 21 வகைகளில் ஒன்றாக்கியது. 2013 முதல் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. தமிழ்நாடு அரசின் ‘விழுதுகள்’ மையங்களும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து மாதம் இருமுறையாவது ஒரு பணியாளர் கிரிவலப் பாதை ஊர்களுக்கு வந்து, அப்பாவையும் பாட்டியையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ஒன்றரை வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டும் பிள்ளை திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால், “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று காத்திருக்காதீர்கள். அங்கன்வாடியில் சொல்லுங்கள், அரசு மருத்துவமனையில் காது சோதனையும் வளர்ச்சிச் சோதனையும் கேளுங்கள். பயிற்சி தருகிறவர் கதவைச் சாத்திக்கொண்டு உங்களை வெளியே உட்கார வைத்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் கற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டு உள்ளே போங்கள்.