ரெசிஸ்டர் வாங்கப் போன இடத்தில் ஒரு புத்தகம்

ஹாம் ரேடியோ பற்றி கேள்விப்படாத மக்களுக்காக முதலில் ரெண்டு வரி. பரீட்சை எழுதி, லைசென்ஸும் கால்சைனும் வாங்கி, வீட்டிலிருந்தே சொந்த டிரான்ஸ்மிட்டரில் ஊர் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. காசுக்காகச் செய்யக் கூடாது, அது சட்டம். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சாஃப்ட்வேரில் பொட்டி தட்டுகிற கேஸ். எனக்கு ரேடியோவைவிட ரேடியோ புத்தகங்கள் எங்கே, எப்படி விற்றன என்கிற கதைதான் ரொம்பப் பிடித்துப் போச்சு. கதை நடப்பது அமெரிக்காவில்.

1914-ல் ஹார்ட்ஃபோர்டில் ஹிராம் பெர்சி மேக்ஸிம் என்று ஒரு இன்ஜினியர் (மெஷின்கன் கண்டுபிடித்த மேக்ஸிமின் மகன், துப்பாக்கிக்கு சைலன்ஸர் செய்தவர். அப்பா சத்தம் போட வைத்தார், பிள்ளை அடக்கினார்!). ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒருவரிடம் ஒரு வால்வு விலைக்கு இருக்குன்னு கேள்விப்படுகிறார். முப்பது மைல்கூட இருக்காது. ஆனால் சிக்னல் எட்டவில்லை. நடுவில் வின்ட்சர் லாக்ஸில் இருந்த இன்னொரு ஹாம் செய்தியை வாங்கிக் கடத்திவிட்டார். இப்படிக் கைமாற்றிவிட ஒரு அமைப்பு வேணும்னு தோன்றி ஆரம்பித்ததுதான் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக், சுருக்கமா ஏ.ஆர்.ஆர்.எல். ஆக, சங்கம் பிறந்ததே ஒரு ஷாப்பிங்கில்தான் :-)

1915 டிசம்பரில் க்யூ.எஸ்.டி. பத்திரிகை. 1926-ல் எட்வர்ட் ஹேண்டி எழுதிய 'ரேடியோ அமெச்சூர்ஸ் ஹேண்ட்புக்'. பிறகு திருத்தித் திருத்திப் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. இதை வெறும் பாடப்புத்தகமா நினைக்காதீங்க. பல பத்தாண்டுகளுக்குப் புத்தகத்தின் பின்பக்கங்களில் உதிரிபாகக் கம்பெனிகளின் கேட்லாக் விளம்பரங்கள் கட்டுக்கட்டா இருக்கும். முன்பக்கம் சர்க்யூட், பின்பக்கம் சாமான் லிஸ்ட். அதனால்தான் இது கண்டென்சரும் ரெசிஸ்டரும் விற்கிற கடையின் கவுன்டரில் அவ்வளவு பொருத்தமா உட்கார்ந்தது என்பது என் கணிப்பு. நாவல் வாங்கியவன் கதை முடிந்ததும் மூடி வைத்துவிடுவான். ஹேண்ட்புக் வாங்கியவன் படிக்கப் படிக்கக் கடைக்குத் திரும்பி வருவான். எந்தக் கடைக்காரருக்குக் கசக்கும்?

பேர்ல் ஹார்பருக்குப் பிறகு அமெரிக்க ஹாம்கள் யாரும் டிரான்ஸ்மிட் பண்ணக் கூடாதுன்னு தடை. ஆனால் புத்தகம் நிற்கவில்லை. ராணுவத்துக்கு ரேடியோ ஆட்கள் தேவை, பயிற்சிக்குப் புத்தகம் தேவை. 1942-ல் ஹேண்ட்புக்குக்குத் தனியா ஒரு பாதுகாப்புப் பதிப்பே வந்தது.

அடுத்து ரேடியோ ஷேக். 1921-ல் பாஸ்டனில் அண்ணன் தம்பி ரெண்டு பேர் கப்பல் ரேடியோக்காரர்களுக்கும் ஹாம்களுக்கும் சாமான் விற்க ஆரம்பித்த கடை. 1963-ல் சார்ல்ஸ் டேண்டி கைக்கு வந்து, பிறகு ஆயிரக்கணக்கில் கிளைகள். பேட்டரி வாங்கப் போனால்கூட பேர், அட்ரஸ் கேட்டு எழுதிக்கொள்வார்கள் (2002-ல்தான் அந்தத் தொல்லையை விட்டார்கள்). ஃபாரஸ்ட் மிம்ஸ் முழுக்கக் கையெழுத்திலேயே எழுதி, படம் போட்ட 'கெட்டிங் ஸ்டார்ட்டட் இன் எலக்ட்ரானிக்ஸ்' 1983-ல் இந்தக் கடைகளுக்காகவே வந்து, லட்சக்கணக்கில் விற்றது.

இங்கே நம்ம ஊர் 'கைடு' மாதிரி ஒரு மேட்டர் உண்டு. 70-களின் கடைசி வரை ஹாம் பரீட்சைக் கேள்விகள் அரசாங்க ரகசியம். டிக் பாஷ் என்பவர், தேர்வு எழுதிவிட்டு வருகிறவர்களிடம் என்ன கேட்டாங்கன்னு விசாரித்துத் தொகுத்து, புத்தகம் போட்டு விற்றார். சர்க்யூட்டைப் புரிந்துகொள்ளாமல் விடையை மட்டும் நெட்டுரு போடுகிறான்களேன்னு பெரியவர்களுக்குக் கோபம். ஆனால் 80-களில் தேர்வு நடத்துகிற வேலையே தன்னார்வலர்கள் கைக்குப் போய், கேள்வித் தொகுப்பையே பகிரங்கமா வெளியிட்டுவிட்டார்கள். பாஷ் செய்த வேலை சட்டப்படியே நடக்க ஆரம்பித்தது. 1991-ல் டெக்னீஷியன் லைசென்ஸுக்கு மோர்ஸ் தேர்வும் போச்சு. கோர்டன் வெஸ்டின் தேர்வுப் புத்தகங்கள் ரேடியோ ஷேக் அலமாரியில். அதே கடையில் கையடக்க ஹாம் செட்டும். ஃபோன் வயர் வாங்க வந்த ஒரு பையன் "இது என்ன?"ன்னு புரட்டிப் பார்த்திருப்பான். அந்த "இது என்ன?"தான் எனக்கு முக்கியமாப் படுது.

ஏன்னா அமேஸான் 1995-ல் கடை திறந்த பிறகு, தேடத் தெரிந்தவனுக்கு எல்லாம் கிடைத்தது. எந்தக் குக்கிராமத்தில் இருந்தாலும் வீட்டு வாசலுக்கு வரும். ஏ.ஆர்.ஆர்.எல். தன் தளத்தில் நேரடியாகவும் விற்கிறது. ஆனால் தேடுவதற்கு முதலில் ஹாம் ரேடியோ என்கிற வார்த்தை தெரிந்திருக்கணுமே? போகிற போக்கில் கையில் தட்டுப்படுவது என்பது போயே போச்சு. பார்டர்ஸ் புத்தகக் கடைகள் 2011-ல் மூடின. செல்ஃபோன் விற்பதில் மூழ்கிப்போன ரேடியோ ஷேக் 2015-ல் திவால், 2017-ல் மறுபடி திவால். 1957-லிருந்து ஹாம்களுக்கென்றே இருந்த மில்வாக்கியின் அமெச்சூர் எலக்ட்ரானிக் சப்ளை 2016-ல் மூடியது.

ஆனால் கடை போனதும் ஹாம்கள் குறைந்துவிட்டார்கள்னு கதை கட்ட முடியாது. 2007-ல் மோர்ஸ் தேர்வு முழுசா போனது, மாதிரித் தேர்வுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. அமெரிக்காவில் லைசென்ஸ் எண்ணிக்கை அப்புறமும் ஏறி 7 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்கள் வேறு வாசல் வழியா வந்தார்கள், அவ்வளவுதான். வேண்டியதை அறிந்தே வந்தவர்கள். வேறு எதற்கோ வந்து இதில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேரை இழந்தோம்னு எந்தக் கணக்கிலும் வராது.

ஆன்லைனில் இன்னொரு வில்லங்கம். கேள்வித் தொகுப்பு நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாறும். டெக்னீஷியனுக்கு ஜூலை 1-ல் புதுசு வந்தால், ஜூன் 30 வரை விற்ற கைடு மறுநாள் பழைய பேப்பர். விஷயம் தெரிந்த கடைக்காரர் இருந்தால் "தம்பி, இது வேண்டாம், புதுசு வரட்டும்"னு சொல்வார். செகண்ட் ஹேண்ட் விற்பனைப் பக்கம் சொல்லாது. மலிவா இருக்கேன்னு காலாவதிப் புத்தகத்தை வாங்கி நெட்டுரு போட்டால் அந்தோ பரிதாபம்.

ஹேண்ட்புக் கதை இதற்கு நேர் தலைகீழ். 2023-ல் அது 100-வது பதிப்பைத் தொட்டது, ஆறு பாகமாகவும் கிடைக்கிறது. ஆனால் வால்வு டிரான்ஸ்மிட்டர் கட்ட ஆசைப்படுகிறவர்கள் 50, 60-களின் பதிப்புகளைத்தான் ஈபேயில் தேடி வாங்குகிறார்கள். பின்பக்கத்துக் கேட்லாக் கிழியாமல் இருக்கான்னு பார்த்து வாங்கணும். அந்தக் காலத்து விலைப்பட்டியலைப் பார்த்தால் வயிறு எரியும், அது வேற விஷயம்.